கூட வேலை பார்த்தவர் இறந்துபோனால்

பக்கத்து சீட்டுக்காரர் திடீரென இறந்துவிட்டால், துக்கம் விசாரித்ததோடு நின்றுவிடாதீர்கள். மதியம் டப்பாவைத் திறந்து குழம்பு மாற்றிக்கொண்டே வளர்ந்த நட்பு அது. ஆபீசில் அவர் எப்படிப்பட்டவர் என்பது வீட்டாருக்குப் பாதிகூடத் தெரியாது. காரியம் முடிந்தபின் ஒருநாள் போய் அதைச் சொல்லுங்கள். உங்கள் மனமும் ஆறும்.

அப்புறம், பணம். அந்த நேரத்தில் வீட்டார் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், சேமிப்புத் தொகை தவிர இடிஎல்ஐ என்ற, பிஎஃப் உறுப்பினர்களுக்கான காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். பலருக்கு இது தெரிவதே இல்லை. இறப்பு நேர்ந்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு 5 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. யுஏஎன் என்ற பிஎஃப் அடையாள எண், நாமினி விவரம், படிவம் எல்லாவற்றையும் எச்ஆரிடம் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.