ஹெலிகாப்டருக்கு உலோகத் தலை இப்போது எதற்கு?

ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கிய கையோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணா, முதலில் எதை மாற்றலாம்?” “ஒன்றையும் மாற்ற வேண்டாம் மக்களே, முதலில் இருப்பதைச் சரியாகப் பூட்டுங்கள்” என்றால் முகம் வாடிவிடுகிறது.

பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் வருவது, ரிமோட்டை மறந்துவிட்டு வருவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். இங்கே எழுதுவது பணத்தையும் ஆர்வத்தையும் சேர்த்து விழுங்கும் தவறுகளைப் பற்றி. நான் சொல்வதெல்லாம் 450 வகைக்கு, அதாவது 325 மில்லிமீட்டர் பிளேடும் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் கொண்ட, பிட்ச் எனப்படும் பிளேடின் சாய்வுக் கோணம் மாறும் ஹெலிகாப்டருக்குப் பொருந்தும்.

பறக்கும் முன்பே அலுமினியம்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பெட்டியில் வரும், பிளேடுகளைத் தாங்கிச் சுற்றும் பிளாஸ்டிக் ரோட்டர் தலை மட்டமானது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். உடனே நீலமும் சிவப்புமாக மினுங்கும் அலுமினியத் தலை, தலைக்குக் கீழே சாய்ந்து பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டும் அலுமினியத்தில், அலுமினியப் பிளேடு பிடிகள் என்று கையில் இருக்கும் பணத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பத்து விநாடி நிலையாக நிறுத்தக்கூட அந்தக் கைகள் இன்னும் பழகியிருக்காது.

கற்றுக்கொள்பவரின் ஹெலிகாப்டர் விழத்தான் செய்யும். விழும்போது எது உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது நம் கையில் இருக்கிறது. சுற்றும் பிளேடு தரையில் மோதினால் அந்த விசை எங்காவது போயாக வேண்டும். பிளாஸ்டிக் பிடி உடைந்தால் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். வேறொன்றை மாட்டி மறுநாளே பறக்கலாம். அலுமினியப் பிடி உடையாது, விசையை அப்படியே உள்ளே கடத்தும். இரண்டு பிளேடுகளையும் இணைக்கும் குறுக்குத் தண்டு வளையும், மெயின் ஷாஃப்ட் வளையும், ரிமோட்டின் கட்டளைப்படி பாகங்களை நகர்த்தும் சிறு மோட்டாரான சர்வோவுக்குள் பற்கள் தெறிக்கும். அலுமினியமும் மயிரிழை அளவு வளைந்திருக்கும். பிளாஸ்டிக் உடைந்தால் உடைந்தது தெரியும்; இது கண்ணுக்கே தெரியாது.

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். வால் நிற்காமல் ஆடுகிறது என்றார். வால் திரும்புவதை உணர்ந்து திருத்தும் ஜைரோ கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியிருந்தார். அதிலும் ஆட்டம் நிற்கவில்லை என்று வால் சர்வோவையும் மாற்றியிருந்தார். தலையைக் காட்டி, இது எத்தனை முறை விழுந்தது என்று கேட்டேன். “அது மெட்டல் அண்ணா, அதற்கு ஒன்றும் ஆகாது” என்றார்.

குறுக்குத் தண்டைக் கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் மெல்ல உருட்டினோம். நேரான தண்டு சத்தமில்லாமல் ஓடும். இது சுற்றுக்கு ஒரு முறை தத்தியது. கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தபோது, தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கீற்றாகத் தோன்றித் தோன்றி மறைந்தது. அவ்வளவு வளைவு போதும். நிமிடத்துக்கு 2,000 முறைக்கு மேல் சுற்றும் தலையில் அது அதிர்வாகிவிடுகிறது. அந்த அதிர்வை வால் திரும்பியதாக எடுத்துக்கொண்டு ஜைரோ ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டியிருந்தது அந்தச் சிறு தண்டை மட்டும்தான். அதற்குள் அந்தப் பிள்ளை ஹெலிகாப்டரையே விற்றுவிடலாமா என்று யோசித்திருந்தார். செலவைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அலுமினியத்துக்குப் போகும் அந்தப் பணத்தில் மரப் பிளேடுகள், குறுக்குத் தண்டுகள், மெயின் ஷாஃப்ட், மெயின் கியர் எல்லாவற்றிலும் உபரியாக வாங்கி வையுங்கள். செல்களைச் சமன்செய்யும் நல்ல சார்ஜர் ஒன்றும், கணினியில் பழக ஒரு சிமுலேட்டரும் வாங்குங்கள். தரையில் அகலமாக விரியும் பயிற்சிக் கால்களை மாட்டுங்கள். அவை அழகைக் கெடுக்கும் என்று கழற்றாதீர்கள். ஹெலிகாப்டரின் மூக்கை உங்கள் பக்கம் திருப்பி நிலையாக நிறுத்தக் கை பழகிய பிறகு அலுமினியத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கோணலை ரிமோட்டில் மறைப்பது

சர்வோவை நடுநிலையில் நிறுத்திவிட்டு, அதன் கை இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையைக் கழற்றி அடுத்த பல்லில் மாட்டுங்கள். பலர் சோம்பல்பட்டு, சர்வோவின் நடுநிலையைத் தள்ளிவைக்கும் சப்-ட்ரிம் அமைப்பை ரிமோட்டில் கொடுத்து நேராக்கிவிடுகிறார்கள். நடுவில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பிட்சை ஏற்றும்போது மூன்று சர்வோக்களும் சமமாக நகராமல் ஸ்வாஷ்பிளேட் சாயும். கடைசியில் மிஞ்சும் ஓரிரு டிகிரிக்கு மட்டும்தான் சப்-ட்ரிம்.

ஸ்டிக் நடுவில் இருக்கும்போது பிளேடில் 5 முதல் 6 டிகிரி பிட்ச் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். கண்மதிப்பு வேண்டாம், பிட்ச் அளவுகோல் கொண்டு பாருங்கள். இந்த வேலை முடியும்வரை மோட்டார் வயர் மூன்றில் இரண்டைக் கழற்றி வையுங்கள். இந்த அளவு ஹெலிகாப்டர் பறக்கும்போது பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். அது அறைக்குள் சுற்றத் தொடங்கக் கூடாது.

ஜைரோ திசை

மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். வாலைத் திருப்பும் ரடர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வால் சர்வோ எப்படி நகருமோ அப்படியே இப்போதும் நகர வேண்டும். மாறி நகர்ந்தால், எழுந்த கணமே பம்பரமாகச் சுற்றும்.

திருகுப் பசை

திருகு தளராமலிருக்க இடும் பசை இது. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும், நீல நிறப் பசை, ஒரு துளி. பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

உப்பிப் பருத்த பேட்டரி

சார்ஜ் செய்யாதீர்கள்.

இடமும் காலமும்

நம் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த ஆடிக்காற்றில் முதல் பாடம் படிக்கப் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிமுலேட்டரோடு இருங்கள். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், வெயில் ஏறுவதற்கு முந்திய காலை நேரம்தான் நம் பக்கத்தில் உகந்தது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மாடு மேய்ந்து நெல் தாள் குட்டையான வயலாகப் பாருங்கள், இல்லையென்றால் வால் பிளேடு சிக்கும்.

கடற்கரை வேண்டவே வேண்டாம். உப்புக்காற்று பேரிங்கை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் அதைவிடக் கொடியது. அதில் இல்மனைட் கலந்திருக்கிறது. வலுவான காந்தம் அதை இழுக்கும். ஹெலிகாப்டரின் மோட்டாருக்குள் இருப்பதோ நியோடிமியம் காந்தம். ஒருமுறை தரையிறங்கினாலே கருந்துகள் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. மோட்டாரின் வெளிக் கூட்டைக் கழற்றி, காந்தங்களின் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். மறுபடி பூட்டியதும் கையால் சுற்றிப் பாருங்கள். உரசும் சத்தம் துளியும் இல்லாத பிறகே பேட்டரியை இணையுங்கள்.