ஹெட்லைட் மங்கலா? பல்பில் கை வைக்கும் முன்...

இன்ஜினை ஓடவிட்டு, லோ பீமைப் போட்டு, பல்பு ஹோல்டரின் பின் முனையிலும் (pin) பேட்டரியிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமா? குறை பல்பில் இல்லை, ஒயரிங்கில்.

இதற்கு 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) எச்4 வகை ஹெட்லைட் பல்பு போடுவது வம்பு. 60/55 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 100/90 வாட் பல்பு 8-ஐத் தொடும். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும், அபராதம் தனி.

பழைய பல்பே போதும். செராமிக் ஹோல்டருடன் ரிலே (பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஒயரிங் கிட் போடுங்கள்; ஃபியூஸ் பேட்டரி டெர்மினலை ஒட்டியே இருக்கட்டும். ஒரிஜினல் ஒயரை வெட்டி டேப் சுற்ற மட்டும் விடாதீர்கள். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண் அந்த ஜாயின்ட்டுக்குத்தான் போகும், க்ளெய்ம் இழுபறியாகும். பில்லை வைத்து பாலிசியில் எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரியாகச் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக அதன் மதிப்பில் 4% பிரீமியம்தான்.