ரயில் பெட்டிக்குச் சுருள் ஸ்பிரிங்: சின்ன இடத்தில், நெடுநாள் உழைக்கும்படி

எங்கள் பட்டறையின் டிசைன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கம்பி எத்தனை மில்லிமீட்டர் வைக்கலாம் சார்?" என்பதுதான். கம்பி அப்புறம். முதலில் உயரம் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள் என்பேன். ரயில் ஸ்பிரிங்கில் மற்ற எல்லா முடிவுகளும் அந்த உயரத்துக்குக் கட்டுப்பட்டவை.

நம் அகலப்பாதையில் தண்டவாள மட்டத்திலிருந்து பஃபர் (பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அதிர்ச்சி தாங்கும் முனை) மையத்தின் உயரம் காலி வண்டியில் 1,105 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாரம் ஏற்றிய வண்டியில் 1,030-க்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் இருப்பது 75 மி.மீ. சக்கரம் தேயத் தேய வண்டியும் இறங்கும், அதையும் இதற்குள்தான் சமாளிக்க வேண்டும். போகிச் சட்டம் (பெட்டிக்குக் கீழே சக்கரங்களைப் பிடித்திருக்கும் அமைப்பு), ஆக்சில் பாக்ஸ் (சக்கர அச்சின் நுனியில் பேரிங் இருக்கும் கூடு), பிரேக் கம்பிகள் எல்லாம் இடம் பிடித்த பிறகு மிஞ்சுகிற குழிதான் ஸ்பிரிங்குக்கு. அதனால் வரைபடத்தில் மூன்று உயரங்களை முதலில் எழுதிவிடுங்கள்: எதுவும் ஏறாத உயரம், பாரம் நிற்கும்போதைய உயரம், சுற்றும் சுற்றும் முட்டி இனி அமுங்காது என்ற கட்டை உயரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள மிச்சம்தான் வண்டி ஓடும்போது ஏறி இறங்குவதற்கான இடம். பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில் (ஐசிஎஃப்) பல்லாண்டுகள் கட்டப்பட்ட ஐசிஎஃப் வகைப் பெட்டியின் போகியில், ஆக்சில் பாக்ஸ் ஒன்றுக்கு இரண்டாக எட்டு ஸ்பிரிங், மேலே பெட்டியின் உடல் உட்காரும் குறுக்குச் சட்டமான போல்ஸ்டரைத் தாங்க நான்கு. அந்த எட்டில் ஒன்றுபோல ஓர் உதாரணத்தைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். அச்சு அசலாக ஐசிஎஃப் ஸ்பிரிங் அல்ல, அதன் அளவை ஒட்டிய ஒன்று.

ஒரு ஸ்பிரிங் மேல் நிற்கும் பாரம் 2.5 டன், அதாவது 24,500 நியூட்டன். அந்தப் பாரத்தில் சுமார் 87 மி.மீ. அமிழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 280 நியூட்டன். கம்பி 34 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 200 மி.மீ. என்று எடுக்கிறேன். விட்டத்தைக் கம்பித் தடிமனால் வகுத்தால் 5.9. இந்த விகிதம் 4-க்குக் கீழே போனால் கம்பியை வளைக்கும்போதே உள்பக்கம் நசுங்கி வெடிக்கப் பார்க்கும். மிக அதிகமானால் சுருள் தொளதொளவென்று ஆகி இடத்தையும் தின்னும். ரயிலுக்கு 5, 6 வாக்கில் இருப்பது எனக்குப் பிடித்த அளவு.

உழைக்கும் சுற்றுகள் எத்தனை? எஃகின் முறுக்கு விறைப்பு எண் சதுர மில்லிமீட்டருக்கு 78,500 நியூட்டன். அதைக் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கால் பெருக்குங்கள். விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, எட்டு, தேவையான விறைப்பு மூன்றையும் பெருக்கி, வந்ததால் வகுங்கள். 5.85 சுற்று கிடைக்கும். இரண்டு நுனிகளிலும் தட்டையாக உட்கார வேண்டிய பகுதிக்கு 1.5 சுற்று சேர்த்தால் மொத்தம் 7.35. சூடாகச் சுற்றி நுனி தேய்த்த ஸ்பிரிங்குக்கு, மொத்தச் சுற்றில் 0.3 கழித்துக் கம்பித் தடிமனால் பெருக்கினால் கட்டை உயரம்: 240 மி.மீ. அதன்மேல் அதிர்வுக்கு 45, பாரத்துக்கு 87. ஆக, எதுவும் ஏறாத உயரம் 372. எடை சுமார் 33 கிலோ.

இனி இறுக்கம் (stress), அதாவது பாரத்தால் கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எழும் விசை. பாரம் நிற்கும்போது கம்பிக்குள் முறுக்கு இறுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 317 நியூட்டன். ஆனால் சுருளின் உள்பக்கத்தில் அது இதைவிட அதிகம். வளைவின் உள்பக்க இழை குட்டையாக இருப்பதால் அங்கே முறுக்கு குவிகிறது. வாஹ்ல் திருத்தம் என்று நாம் போடுவது இதற்குத்தான். இந்த விகிதத்துக்கு அது 1.26, ஆக உண்மையான இறுக்கம் 400-ஐத் தொடுகிறது. கட்டை உயரம்வரை அமுக்கினால் திருத்தம் இல்லாமலே 479. நல்ல எஃகு இதைத் தாங்கும். ஸ்பிரிங் எங்கே முட்டினாலும் முட்டட்டும், நிரந்தரமாகக் குட்டையாகக் கூடாது என்பதற்கு இந்தக் கடைசி எண்ணை எப்போதும் சரிபாருங்கள்.

இன்னொன்றையும் இங்கே கையால் போட்டுப் பாருங்கள். கம்பியை 34-லிருந்து 35 ஆக்கினால் விறைப்பு 12 சதவீதம் கூடிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். கம்பி வாங்கும்போது தடிமன் ஏற்றத்தாழ்வை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, இதைச் சின்னதாக்குவது எப்படி? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு ஸ்பிரிங் சேர்த்துவைக்கும் ஆற்றல், எஃகின் கன அளவையும் இறுக்கத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. மேலே சொன்ன ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கினால் அதற்குள் சுமார் 2,440 ஜூல் இருக்கும். அதே ஆற்றலை 10 சதவீதம் கூடுதல் இறுக்கத்தில் வைத்தால் எஃகு 17 சதவீதம் குறையும். எஃகு குறைந்தால் உயரமும் விட்டமும் குறையும். வேறு குறுக்குவழி கிடையாது: சின்ன ஸ்பிரிங் என்றால் அதிக இறுக்கத்தில் உழைக்கும் ஸ்பிரிங். அதிக இறுக்கத்தைக் கோடிக்கணக்கான தடவை தாங்க வைப்பது கம்பியின் மேற்பரப்பு. அதனால் இடம் சேமிக்க நினைக்கிறவர் கால்குலேட்டரைவிடக் கம்பியின் தோலில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஓர் எளிய வழியைச் சொல்லிவிடுகிறேன். சுருளுக்கு நடுவே உள்ள பொந்து வீணாகக் கிடக்கிறது, அதற்குள் இன்னொரு சுருளை வையுங்கள். வெளிச்சுருள் 26 மி.மீ. கம்பி, 130 விட்டம் என்றால் உள்ளே 104 மி.மீ. காலி. பக்கத்துக்கு 4 மி.மீ. இடைவெளி விட்டு 16 மி.மீ. கம்பியில் 80 விட்டச் சுருள் அழகாக உட்காரும். இரண்டுக்கும் விகிதம் 5. சுற்று எண்ணிக்கையைக் கம்பித் தடிமனால் பெருக்கினால் இரண்டிலும் ஒரே எண் வரும்படி பார்த்துக்கொண்டால், இறுக்கமும் அமிழ்வும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அதே குழியில் 38 சதவீதம் கூடுதல் பாரம் தாங்கும். ஒன்றை வலக்கைச் சுற்றாகவும் மற்றதை இடக்கைச் சுற்றாகவும் சுற்றுவது கட்டாயம். ஒரே பக்கம் சுற்றினால் ஓட்டத்தில் ஒன்றின் சுற்றுகள் மற்றதன் இடுக்கில் புகுந்து மாட்டிக்கொள்ளும்.

வேகனில் இந்த அடுக்குச் சுருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நிலக்கரி ஏற்றும் மேல்திறந்த பாக்ஸ்என் வேகன் காலியாக 22.5 டன். நிலக்கரி நிரம்பினால் 81 டன்னைத் தாண்டும். முழுப் பாரத்துக்கு ஏற்ற விறைப்பை வைத்தால் காலி வண்டி கல்லுப்போலக் குதிக்கும். காலிக்கு ஏற்ப மென்மையாக வைத்தால் 75 மி.மீ. எல்லை போய்விடும். அதனால் உள்சுருளைக் கொஞ்சம் குட்டையாக வைத்து, காலியாக ஓடும்போது வெளிச்சுருள் மட்டும் தாங்கும்படியும், பாரம் ஏறிய பிறகு உள்சுருளும் சேரும்படியும் செய்யலாம். அப்போது முதலில் சொன்ன "ஒரே இறுக்கம்" கணக்கு மாறிவிடும். இரண்டு சுருளுக்கும் தனித்தனியாகக் கட்டை உயர இறுக்கம் போட வேண்டும்.

இனி உடைவதைப் பற்றி. உடைந்து வந்த ஸ்பிரிங் ஒன்றை மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? முறிவு கம்பிக்குக் குறுக்கே நேராக இருக்காது, ஏறத்தாழ 45 டிகிரியில் சாய்ந்து சுழன்று போகும். அந்த முகத்தை ஒரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பகுதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் பிளந்தது. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வழவழப்பாக, பிறை பிறையாகக் கோடு விழுந்து, கருத்தோ துருப்பிடித்தோ இருக்கும். விரிசல் அங்கிருந்துதான் பல மாதம் மெல்ல வளர்ந்திருக்கிறது. அந்தப் பிறையின் மையத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு சின்னத் துருக்குழி இருக்கும். நான் பார்த்தவற்றில் அந்தக் குழி பெரும்பாலும் அடிநுனியில், தட்டையான கடைச்சுற்று அடுத்த சுற்றைத் தொடுகிற கோட்டிலோ அதன் பக்கத்திலோ இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கடைச்சுற்றும் அடுத்த சுற்றும் ஒவ்வொரு அசைவிலும் ஒன்றோடொன்று உரசும். பெயின்ட் அங்கே முதலில் போகும். தூசியும் தண்ணீரும் அந்த இடுக்கில்தான் தேங்கும். பழைய பெட்டிகளில் கழிவறைத் தண்ணீரும் கீழே கொட்டியதால் அரிப்பு இன்னும் மோசம். ஆகவே வடிவமைக்கும்போது மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். கம்பி நுனியைச் சுற்றுவதற்கு முன்பே படிப்படியாக மெலிதாக்குங்கள், சட்டென்று வெட்டி விடாதீர்கள். மெலிந்த நுனியின் கூர்முனை அடுத்த சுற்றைக் குத்தாதபடி விளிம்பை உருட்டுங்கள். நுனியை முக்கால் சுற்றுக்குக் குறையாமல் தேய்த்து, இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் அச்சுக்குச் செங்குத்தாகவும் இருக்கும்படி எல்லை குறியுங்கள். நுனி சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் பக்கவாட்டில் தள்ளும், ஒரு பக்க இறுக்கம் கணக்கில் இல்லாத அளவுக்கு ஏறும். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று போகி வரைபவரிடம் கேளுங்கள். நம் வேலை இல்லையென்று விடாதீர்கள்.

எஃகைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய மர்மம் இல்லை. கம்பி தடிமனாக ஆக, எண்ணெயில் தோய்க்கும்போது நடுப்பகுதிவரை கடினமாகும் ரகம் வேண்டும். 34 மி.மீ. வாக்கில் குரோம்-வெனேடியம் போதும். இன்னும் தடித்தால் மாலிப்டினம் சேர்ந்த 52சிஆர்எம்ஓவி4 நல்லது. கையில் இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், ரகத்தை உயர்த்துவதைவிடத் தோல் சீவித் தேய்த்த கம்பியை வாங்குங்கள் என்பேன். உருட்டாலையிலிருந்து வரும் கம்பியின் மேல் நீளக் கீறல்களும், சூட்டில் கார்பன் இழந்து மென்மையான ஓர் ஏடும் இருக்கும். இறுக்கம் உச்சத்தில் இருப்பது அந்த ஏட்டில்தான். அதே காரணத்துக்காக, சுற்றுவதற்குக் கம்பியைச் சூடாக்கும்போது உலையில் நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள். சுற்றியவுடன் எண்ணெயில் தோய்த்து, ஆறிக் கிடக்க விடாமல் டெம்பர் செய்யுங்கள், அதாவது மிதமாக மறுபடி சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறையுங்கள். கடினம் ராக்வெல் சி அளவுகோலில் 45 வாக்கில் நிற்கட்டும். அதைவிட ஏற்றினால் வலிமை கூடும், ஆனால் சின்னக் குழிக்கும் விரிசல் விடும் குணம் வந்துவிடும்.

அதன்பின் ஷாட் பீனிங். சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை அமுக்கத்தில் வைக்கிறோம். விரிசல் திறக்க இழுவை வேண்டும், மேற்பரப்பு ஏற்கனவே அமுங்கியிருந்தால் இழுவை அங்கே எளிதில் வராது. சுருளின் உள்பக்கத்துக்கும் குண்டு போய்ச் சேருகிறதா என்று கண்ணால் பாருங்கள், இறுக்கம் அங்கேதான் அதிகம். இந்த அமுங்கிய ஏடு ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். துருக்குழி அதைத் தாண்டிவிட்டால் செய்த வேலை வீண். பீனிங் முடிந்த ஸ்பிரிங்கை 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த அமுக்கம் தளரும். அதனால் பெயின்ட் சுடும் அடுப்பின் சூட்டையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். ஸ்பிரிங் மேல் வெல்டிங் பொறி விழுவதையும், வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப் மாட்டுவதையும் வெளிப்படையாகத் தடைசெய்து எழுதுங்கள். எங்கள் வரைபடங்களில் அந்த வரி பெரிய எழுத்தில் இருக்கும்.

பீனிங்குக்கு அப்புறம் ஸ்க்ராக்கிங்: கட்டை உயரம்வரை பல தடவை அமுக்கி விடுவது. ஸ்பிரிங் முதல் அமுக்கில் சில மில்லிமீட்டர் குட்டையாகும், அடுத்தடுத்த அமுக்கில் நின்றுவிடும். அந்தக் குறைவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொஞ்சம் உயரமாகச் சுற்றியிருக்க வேண்டும். இப்படிச் செய்த ஸ்பிரிங் ஓடும்போது மேலும் தளராது, அதனால் அதை இன்னும் அதிக இறுக்கத்தில் நம்பி வைக்கலாம். காந்தத் துகள் சோதனையை இதற்குப் பிறகு வையுங்கள். எண்ணெயில் தோய்த்தபோது விழுந்த மயிர்க்கோட்டு விரிசல் இருந்தால் ஸ்க்ராக்கிங்கில் திறந்து கண்ணுக்குப் படும்.

பாஸ்பேட் பூச்சு, அதன்மேல் பெயின்ட். கடைச்சுற்று தொடும் இடுக்குக்குள்ளும் பூச்சு போக வேண்டும், அதற்காக ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துப் பிடித்துப் பூச வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, பார அழுத்தியில் ஒவ்வொன்றையும் வைத்து, குறித்த பாரத்தில் நிற்கும் உயரத்தை அளந்து பிரித்து வையுங்கள். ஐசிஎஃப் பெட்டிகளுக்கு உயரம் வாரியாக மூன்று பிரிவு: மஞ்சள், நீலம், பச்சை. ஒரு போகிக்குள் ஒரே வண்ணம்தான் போட வேண்டும். கலந்து போட்டால் உயரமாக நிற்கும் ஸ்பிரிங் தன் பங்குக்கு மேல் பாரம் வாங்கும், சட்டமும் லேசாக முறுக்கேறும். வண்ணப் பட்டையைக் கடைச்சுற்றில் அடிக்காமல் நடுச்சுற்றில் அடிக்கச் சொல்லுங்கள், மாட்டிய பிறகும் குனிந்து பார்த்தால் தெரியும்.