‘கிரியாட்டினின் நார்மல்’ என்று ஃபைலை மூடாதீர்கள்

கடலூர், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் எங்கே பார்த்தாலும் ஏதாவதொன்றை முன்னிட்டு இலவசப் பரிசோதனை முகாம் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு தமிழகப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையிலேயே சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். இந்தப் பரிசோதனை வேலைக்கு வருகிறவர்கள் புதியவர்கள். அவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் பழையவை. முன்னால் இருந்தவர்கள் செய்து சலித்த அதே தவறுகள்.

டியூபில் பெயர் எழுத மறப்பது, காலாவதியான ஸ்ட்ரிப் போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். யாரும் திட்டாததால் தொடர்ந்து நடப்பவைதான் இங்கே.

கிரியாட்டினினை மட்டும் பார்த்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பது

முகாம்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், வயது 65, பத்து வருஷமாகச் சர்க்கரை. மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார். கிரியாட்டினின் 1.2. புதிதாக வந்த பெண் பார்த்துவிட்டு, “கிட்னி நல்லாயிருக்கு ஆயா, பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தச் சொல்லை நம்பி ஆயா அடுத்த மூன்று வருஷத்துக்கு சிறுநீரகம் பக்கமே திரும்பமாட்டார். கால் வீங்கி வரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த மெலிந்த கிழவியின் உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். ஆகவே சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் பெரிதாக ஏறாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் (இ-ஜிஎஃப்ஆர்) கணக்கிடும், 2021-ல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 86. 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் சுமார் 50. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே எண்தான், ஒருவர் வீட்டுக்குப் போகலாம், இன்னொருவர் மருத்துவரிடம் போகவேண்டும். லேப் ரிப்போர்ட்டில் இ-ஜிஎஃப்ஆர் அச்சாகவில்லை என்றால் கைபேசியில் கணக்கிட அரை நிமிடம் போதும். கிரியாட்டினினை அது இல்லாமல் வாயால் உச்சரிக்கவே கூடாது.

அதைக் கணக்கிட்டாலும் வேலை பாதிதான் முடிந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது ரத்தத்தில் அல்ல, சிறுநீரில். வடிகட்டி இளகி, அல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியும். கிரியாட்டினின் அசைவதற்குப் பல வருஷம் முன்பே இது ஆரம்பித்துவிடும். சோதனைச் சீட்டில் ‘யூரின் ரொட்டீன்’ என்று எழுதினால் இது அகப்படாது. சிறுநீரில் நனைக்கும் சாதாரணப் பட்டை (டிப்ஸ்டிக்), கசிவு நன்றாக முற்றிய பிறகுதான் நிறம் மாறும். ‘யூரின் மைக்ரோஅல்புமின்’ என்று மட்டும் எழுதுவதும் அரைகுறை வேலை. எழுதவேண்டியது சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர்.

விகிதம் ஏன்? முகாமுக்கு வந்தவர் யூரின் வரவில்லையே என்று இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுக்கிறார். லிட்டருக்கு 18 மில்லிகிராம் அல்புமின். 20-க்குக் கீழே இருப்பதால் லேப் ‘நார்மல்’ என்று அச்சிடும். அந்தச் சிறுநீரில் கிரியாட்டினின் லிட்டருக்கு 0.4 கிராம்தான் என்றால் விகிதம் 45. அது நார்மல் இல்லை. சித்திரை வெயிலில் வயலிலிருந்து நேராக வந்தவருக்கு இதற்கு நேர்மாறு: கெட்டியான சிறுநீரில் அல்புமின் 60 இருக்கும், கிரியாட்டினின் 2.4 கிராம், விகிதம் 25. அவர் தப்பித்தார். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் தாமதிக்கக் கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி கெடுகிறது. டப்பாவை முந்தைய நாளே கொடுத்தனுப்புங்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர், அதிலும் தொடக்கத்தை விட்டு நடுப்பகுதி. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடலுழைப்பு, சர்க்கரை மிக எகிறிய நாட்கள் இவற்றில் எடுத்தால் பொய்யாக ஏறும், தள்ளிப்போடுங்கள். லேபுக்குப் போகத் தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள், வேன் டேஷ்போர்டில் அல்ல. ஒருமுறை 30-ஐத் தாண்டியது என்று நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று மாதிரியில் இரண்டு ஏறியிருந்தால்தான் உறுதி. ரத்தக் கிரியாட்டினினுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு: முந்தைய இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்டவருக்கு எண் கொஞ்சம் ஏறியே வரும்.

இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு, நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும், அதாவது ஏசிஆரும் இ-ஜிஎஃப்ஆரும். முதல் வகைக்கு ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கலாம்.

இதில் இவ்வளவு கடுப்பாவதற்குக் காரணம், இன்று கசிவைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது. முன்பு ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைப் பிரஷர் மாத்திரைகளோடு நின்றது. சர்க்கரை மருந்துகளான கானாகிளிஃப்ளோசினும் 2019-ல், டாபாகிளிஃப்ளோசினும் 2020-ல் சிறுநீரகச் சரிவைத் தாமதப்படுத்துவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. 2024-ல் செமாகுளூடைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்தது. கானாகிளிஃப்ளோசின் ஆய்வில் ஏசிஆர் 300-ஐத் தாண்டியவர்களை, டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் 200-லிருந்து இருந்தவர்களைச் சேர்த்தார்கள். ஏசிஆரே பார்க்காத ஆயாவுக்கு இந்த மருந்து தேவை என்று யாருக்கு, எப்படித் தெரியும்? 2020-ல் காப்புரிமை முடிந்து டாபாகிளிஃப்ளோசின் உள்ளூர்த் தயாரிப்பாக மலிந்தும் கிடக்கிறது. டயாலிசிஸ் என்று ஆகிவிட்டால் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நெய்வேலியோ சிதம்பரமோ, பஸ் ஏறி இறங்கும் ஆளுக்கும் கூடப் போகும் ஆளுக்கும் கூலி போனது போனதுதான்.

இந்தக் கசிவு சிறுநீரகத்தோடு நிற்பதும் இல்லை. ஏசிஆர் ஏறியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது, இ-ஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தாலும்கூட. 2023 அக்டோபரில் அமெரிக்க இதயச் சங்கம் இதயம், சிறுநீரகம், உடற்பருமன், சர்க்கரை நான்கையும் ஒரே கோளாறின் படிநிலைகளாகப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரில் அல்புமின் நிறையப் போகிறது, விழித்திரையில் சர்க்கரை பாதிப்பின் அடையாளமே இல்லை என்றால், வேறு சிறுநீரக நோய் இருக்கிறதா என்று மருத்துவர் தேடவேண்டும். எனவே கண் பரிசோதனைச் சீட்டையும் அதே ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு யூரின் மட்டும் போதும் என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். முந்திரித் தோப்பிலும் வயலிலும் உப்பளத்திலும் வெயிலில் உழைப்பவர்களில், சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் சொற்பம். அங்கே காட்டிக்கொடுப்பது ரத்தக் கிரியாட்டினின்தான். உடம்புவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் எத்தனை நாளாக ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். ‘மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘வலி மாத்திரை’ என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

இன்னொன்று. டெல்மிசார்ட்டனோ டாபாகிளிஃப்ளோசினோ ஆரம்பித்த சில வாரத்தில் கிரியாட்டினின் லேசாக ஏறும். உடனே ‘மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது’ என்று நிறுத்தச் சொல்கிற அறிவாளி ஒவ்வொரு முகாமிலும் ஒருவர் இருப்பார். 30 சதவீதம் வரையிலான மாற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். நிறுத்துவது மருத்துவர் வேலை. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் மட்டும் உடனே அவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்தலாம்.

பிரஷர் பார்க்கும்போது கை தொடைமேல்

முகாமில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும், மேசை இருக்காது. 2024-ல் வந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், கையை மடியில் வைத்தால் மேல் அளவு சராசரியாக 3.9-ம், தொங்கவிட்டால் 6.5-ம் கூடுதலாக வந்தது. 136 என்பது 142 ஆகி, நோயில்லாதவர் நோயாளியாகிவிடுவார். மேசை கேளுங்கள்.

ரத்தசோகையை விட்டுவிட்டு எச்பிஏ1சி படிப்பது

எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிவப்பணுவின் ஆயுளை நம்பிய கணக்கு. இரும்புச்சத்துக் குறைவில் அது பொய்யாக ஏறக்கூடும். சமீபத்தில் ரத்தம் போனவர், ரத்தம் ஏற்றியவர், சிவப்பணு சீக்கிரம் உடையும் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி இவர்களுக்குப் பொய்யாக இறங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் 8 இருக்கும் பெண்ணுக்கு 6.6 வந்தால் அதை வைத்து மட்டும் ‘சுகர்’ என்று சொல்லாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், தேவைப்பட்டால் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரச் சோதனையும் பார்க்கட்டும்.

ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்றால் சும்மா விடுவது

ஸ்கேன் சொல்வது ஈரலில் எவ்வளவு கொழுப்பு என்று. தெரியவேண்டியது எவ்வளவு தழும்பு என்று. ரத்தத்தில் பார்க்கும் ஈரல் நொதிகள் ஏஎஸ்டி, ஏஎல்டி. வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையை (1.6 லட்சம் என்றால் 160) ஏஎல்டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகையால் வகுங்கள். இதுதான் ஃபிப்-4. வயது 52, ஏஎஸ்டி 48, ஏஎல்டி 40, தட்டணு 1.6 லட்சம் என்றால் 2.47 வரும். 1.3-க்குக் கீழே நிம்மதி, 2.67-க்கு மேல் ஈரல் நிபுணர், நடுவில் இருந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைத் தாண்டியவருக்குக் கீழ்க்கோடு 2. மேலே சொன்னவர் கிரேடு 1 ரிப்போர்ட்டோடு வந்தாலும் ஃபைப்ரோஸ்கேனுக்குப் போகவேண்டியவர்.

இருமல் இல்லை, அதனால் காசநோய் இல்லை

2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தவறியிருப்பார்கள். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. சர்க்கரை நோயாளி காரணமில்லாமல் மெலிந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். காசநோயாளி எல்லோருக்கும் சர்க்கரை பாருங்கள். ஆனால் காய்ச்சலில் முதல்நாள் ஏறும் சர்க்கரை பிறகு இறங்கிவிடக்கூடும், ஆகவே மறுபடியும் பார்க்கவேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சர்க்கரை மாத்திரையான கிளிமிப்ரைடின் வேகத்தைக் குறைக்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை ஏறினால் நோயாளியைத் திட்டாதீர்கள்.

டியூமர் மார்க்கர் பேக்கேஜ்

ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளங்களைத் தேடும் இந்தத் தொகுப்புச் சோதனை அறிகுறியே இல்லாதவருக்கு வேண்டாம்.

‘தொடர்பு இருக்கிறது’ என்ற செய்தியை மருந்துச் சீட்டாக்குவது

வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இதயநோயும் புற்றுநோயும் அதிகம் என்று பல ஆய்வுகள் வந்தன. 25,871 பேருக்குத் தினம் 2,000 அலகு டி-யோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பு, பக்கவாதமும் குறையவில்லை. நோயாளி வெயிலில் போவதில்லை, அதனால் டி குறைந்திருக்கிறது என்பதும் சாத்தியம்தானே.

ஈறுநோயும் சர்க்கரையும் வேறு கதை. அங்கே ஈறுக்குச் சிகிச்சை கொடுத்தே சோதித்திருக்கிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு இறங்குகிறது. கூடுதல் மாத்திரை இல்லாமல் கிடைக்கும் இறக்கம் இது. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்ற இரண்டு கேள்வியை சர்க்கரை அட்டையின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆம் என்றால் பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.