டாம்கேட் 10 போட்டதும் வந்த 404

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல நம்ம ஆபீஸ். போன வாரம் பழைய சர்வர்ல இருந்த டாம்கேட் 9-ஐ (ஜாவா வெப் ஆப்பை ஓட்டுற சாஃப்ட்வேர்) தூக்கிட்டு 10.1 போட்டேன், நம்ம ஆப் மொத்தமும் கட்டி வச்ச அதே வார் ஃபைலை அப்படியே வெப்ஆப்ஸ் ஃபோல்டர்ல போட்டா எந்த பேஜ் தட்டினாலும் 404, அதாவது 'பேஜ் இல்ல'ன்னு எரர். நான் என்னமோ டாம்கேட்டோட 8080 போர்ட்டை வேற ஏதோ புடிச்சிருக்குன்னு தேடிட்டு இருந்தேன் (404 வருதுன்னாலே டாம்கேட் பதில் சொல்லுதுன்னு தானே அர்த்தம், பசியாறாம வந்த மண்டைக்கு அது எங்க ஏறும்). அப்புறம் டாம்கேட் செட்டிங்ஸ் ஃபைல் சர்வர்.எக்ஸ்எம்எல்-ஐ நோண்டி நோண்டி ரெண்டு மணி நேரம் காலி.

பக்கத்து சீட்டு அண்ணன் தே தாரிக் பொட்டலத்தோட வந்து, "தம்பி, டாம்கேட்டோட கேட்டலினா லாக் மட்டும் பாத்தா பத்தாது லா, ஆப் எரர் விழுற லோக்கல்ஹோஸ்ட் லாக்கை தொற"ன்னாரு. தொறந்தா ஜாவாக்ஸ் சர்வ்லெட் ஃபில்டர் கிளாஸே இல்லன்னு எரர். டாம்கேட் 10-லருந்து ஜாவாக்ஸ் சர்வ்லெட் மாதிரி, ஆப் கோட் கூப்பிடுற பேர் எல்லாம் 'ஜகார்த்தா'ன்னு ஆரம்பிக்கிற மாதிரி மாறிடுச்சு, நம்ம ஆப் 2016-ல எழுதின கிழவன், அதுக்கு எப்படி தெரியும்!

ஆப்போட கோட்ல கை வைக்கல. டாம்கேட் ஃபோல்டருக்குள்ள 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ'ன்னு ஆங்கிலத்துல சின்ன எழுத்துல (webapps-javaee) ஒரு ஃபோல்டர் புதுசா போட்டு, பழைய வாரையும் விரிஞ்சு கிடந்த ஃபோல்டரையும் வெப்ஆப்ஸ்லருந்து அழிச்சிட்டு, வாரை இங்க போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். டாம்கேட்டே பழைய பேரை எல்லாம் மாத்தி வாரை வெப்ஆப்ஸ்ல வச்சுக்கிச்சு, லாகின் பேஜ் வந்துருச்சு.