ஏஐ ஏஜென்டுக்காக ஃபீட் ரீடருக்கு ஆவணம் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தளங்கள் வெளியிடும் பதிவுப் பட்டியல்களை (ஃபீடுகளை) ஓரிடத்தில் திரட்டித் தருவது ஃபீட் ரீடர். அதை, தானாகவே கமாண்டுகளை ஓட்டும் ஏஐ ஏஜென்ட் கையில் கொடுப்பதற்காக ஆவணம் எழுதும் புதியவர்கள், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். கமாண்டின் பெயரைத் தப்பாக அடிப்பது, பழைய ஆப்ஷனை நீக்க மறப்பது போன்றவை முதல் தடவை ஓட்டும்போதே தெரிந்துவிடும். பிழைச் செய்தியே வராமல் தவறான பதிலைத் தர வைக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

காட்டுவதும் படித்ததாகக் குறிப்பதும் ஒரே கமாண்டில்

"படிக்காத பதிவுகளைக் காட்டும்." பல ஆவணங்களில் இந்தக் கமாண்டுக்கு விளக்கம் இவ்வளவுதான். காட்டிய கையோடு அவற்றைப் படித்ததாகக் குறித்துவிடும் என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இத்தனை பேர் சொல்லியும் இது மாறாதது எரிச்சலாக இருக்கிறது.

ஏஜென்ட் காலையில் கமாண்டை ஓட்டுகிறது. 40 பதிவுகள் வருகின்றன. வெளியீடு நீளம் என்பதால் பாதியில் வெட்டுப்படுகிறது, அல்லது டைம்அவுட் ஆகிறது. உடனே அதே கமாண்டை மறுபடி ஓட்டுகிறது. இந்தத் தடவை பட்டியல் காலி. "இன்று புதிதாக எதுவும் இல்லை" என்று பயனரிடம் சொல்லிவிடுகிறது. சர்வருக்கான அவசரப் பாதுகாப்புத் திருத்தம் பற்றிய அறிவிப்பு அந்த 40-இல் இருந்திருந்தால், யாருமே பார்க்காமல் அது படித்த கணக்கில் சேர்ந்துவிடும். கருவி சொன்னபடி வேலை செய்ததால் லாகிலும் பிழை என்று எதுவும் இருக்காது.

கருவியை மாற்ற உங்களால் முடியுமானால் இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள். மினிஃப்ளக்ஸ் என்ற ஃபீட் ரீடரின் ஏபிஐ (பிற நிரல்கள் அதோடு பேசும் வழி) அப்படித்தான்: பதிவுகளை எடுக்க கெட் (GET) கோரிக்கை, அவற்றின் நிலையை மாற்ற புட் (PUT) கோரிக்கை. முடியாவிட்டால் கமாண்டின் விளக்கத்தில் முதல் வரியாகவே எழுதுங்கள்: "இது நிலையை மாற்றும், மறுபடி ஓட்டினால் அதே பதிவுகள் வராது." படிக்காதவையாகத் திருப்புவது எப்படி என்பதை அடுத்த வரியில் சொல்லுங்கள். பக்கத்தின் அடியில் குறிப்பாகப் போட்டால், ஏஜென்ட் அதுவரை வாசித்திருக்கும் என்று நம்ப முடியாது.

காலிப் பட்டியலுக்கு என்ன பொருள் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். சர்வர் 304 அனுப்பியிருக்கலாம், அதாவது ஃபீட் மாறவே இல்லை. ஃபீட் மாறியும் உங்கள் வடிகட்டலுக்குள் எதுவும் வராமல் போயிருக்கலாம். அல்லது ஃபீட்டை எடுக்கவே முடியாமல் போயிருக்கலாம். மூன்றுக்கும் மாதிரி வெளியீடு கொடுங்கள்: எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) என்ன, எந்த ஃபீட் தவறியது, கடைசியாக அது எப்போது சரியாக வந்தது. 30 ஃபீடுகளில் 2 மட்டும் தவறினால் எக்ஸிட் கோட் 0-வா, வேறா? இதை எழுதியிருக்கும் ஆவணத்தைக் காண்பது அரிது.

தேதி

"கடந்த 24 மணி நேரம்" என்றால் எந்தத் தேதியை வைத்து? ஆட்டம் (Atom) என்ற ஃபீட் வடிவத்தில், மாற்றிய தேதியான 'அப்டேடட்' கட்டாயம், வெளியிட்ட தேதியான 'பப்ளிஷ்ட்' விருப்பம். இன்னொரு வடிவமான ஆர்எஸ்எஸ் 2.0-இல் வெளியிட்ட தேதியான 'பப்டேட்' இல்லாமலும் பதிவு வரலாம். தேதி இல்லாதபோது எடுத்த நேரத்தையே கருவி போட்டுக்கொள்கிறது என்றால், புதிதாகச் சேர்த்த ஃபீட்டின் பழைய பதிவுகளெல்லாம் இன்றைய செய்தியாகிவிடும். நேர மண்டலத்தையும் எழுதுங்கள். யுடிசி-யில் காட்டும் கருவியில், இந்திய நேரப்படி அதிகாலை 5:30-க்கு முன் வந்தவை முந்தைய நாள் கணக்கில் விழும்.

அடையாளம்

கருவி தரும் ஐடியை அப்படியே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபீட்டில் பதிவுக்குத் தரும் தனி அடையாளமான ஜியுஐடி (GUID) எப்போதும் இணைப்பாக இருக்காது.

அளவு

30 ஃபீடுகள், ஒவ்வொன்றிலும் 20 பதிவுகள் என்றாலே 600. அத்தனையையும் முழு உரையோடு கொட்டினால் ஏஜென்டின் நினைவிடம் அதிலேயே தீரும். பட்டியலில் தலைப்பும் ஐடியும் தேதியும் போதும். முழு உரையை ஐடி கொடுத்து ஒவ்வொன்றாக எடுக்கட்டும். வரம்பு சொல்லாமல் ஓட்டினால் எத்தனை வரும் என்ற எண்ணை எழுதுங்கள். உரையை வெட்டும் வரம்பு பைட்டிலா, எழுத்திலா? யுடிஎஃப்-8-இல் 'கொ' ஒன்றே 6 பைட். பைட்டை எண்ணி வெட்டும் கருவி தமிழ்ப் பதிவுகளை எழுத்தின் நடுவிலேயே அறுத்துவிடும்.

வந்தது சுருக்கமா முழுக் கட்டுரையா என்பதற்கும் ஒரு புலம் வேண்டும். ஆர்எஸ்எஸின் 'டிஸ்கிரிப்ஷன்' இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சொல்லாவிட்டால் இரண்டு வரிச் சுருக்கத்தை முழுக் கட்டுரை என்று எண்ணி ஏஜென்ட் முடிவுக்கு வந்துவிடும்.

ஃபீட்டுக்குள் ஒளிந்து வரும் உத்தரவுகள்

பதிவின் உரைக்குள் ஏஜென்டுக்கான உத்தரவு இருந்தாலும் அதன்படி நடக்காமல், உரையை வெறும் தரவாக மட்டும் கொள்ளச் சொல்லுங்கள். அந்த வரி மட்டுமே காவல் ஆகாது. ஃபீடுகளை நீக்கும் அனுமதியை வாசிக்கும் ஏஜென்டுக்குத் தராதீர்கள்.

429, 410

இவை சர்வர் திருப்பி அனுப்பும் எண்கள். முதலாவது (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) வந்தால், அதோடு வரும் 'ரிட்ரை-ஆஃப்டர்' சொல்லும் நேரம் வரை நிறுத்தம். இரண்டாவது (ஃபீட் நிரந்தரமாகப் போய்விட்டது) வந்தால் அந்த ஃபீட்டை மறுபடி கேட்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்காமல் வெளியிடுவது

ஒரு ஃபீட்டின் முகவரியை வேண்டுமென்றே கெடுத்து வையுங்கள். கருவியை முன்பின் அறியாத ஏஜென்டிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து, "இன்று என்ன புதிது?" என்று இரண்டு தடவை கேளுங்கள். இரண்டு பதில்களிலும் அதே பதிவுகள் வர வேண்டும், கெட்ட ஃபீட்டின் பெயரும் வர வேண்டும். வராவிட்டால் முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.