ரிவர்ஸ் போட்டால் ‘கரகர’: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் காலடியைப் பாருங்கள்

என் காரில் ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். சிக்னலில் நின்றால் முதல் கியரும் முரண்டு பிடித்தது. ஓடும்போது இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் ஓரளவு சரியாகவே விழுந்தன.

முதலில் கியர் ஆயிலை மாற்றினேன், பலனில்லை. கிளட்ச் கேபிளை இறுக்கியதில் சத்தம் பாதி குறைந்தது. ஆனால் பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடலில் இருக்கும் தளர்வு) அறவே போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொன்னார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. அப்படியென்றால் கோளாறு கியர் லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜில் இல்லை; மிதித்தாலும் கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுதாக விடுபடவில்லை. பல கார்களைப் போல இதிலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. அதனால்தான் முதலில் அது கத்துகிறது.

துப்பு வேறிடத்தில் கிடைத்தது. காரைக் கழுவி, காலடி மேட்டை வெயிலில் காயப்போட்ட அன்று மட்டும் சத்தமே இல்லை! பழைய கார்பெட் மேட்டின் மேல் புது ரப்பர் மேட். குதிகால் உரசி உரசி இரண்டும் முன்னால் நகர்ந்து, பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பெடல் 2 செ.மீ. முன்னாலேயே முட்டி நிற்கிறது.

பழைய மேட்டை எடுத்துவிட்டு, புதியதைக் கொக்கியில் மாட்டினேன். கேபிளையும் தளர்த்தி 15 மி.மீ. ஃப்ரீ பிளே விட்டேன்; இறுக்கமாகவே விட்டிருந்தால் கிளட்ச் நழுவி பிளேட் தேய்ந்திருக்கும். இப்போது கிளட்சை முழுக்க மிதித்து மூன்று எண்ணி ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லை. முதலிலேயே மேட்டைப் பார்த்திருந்தால் நான்கு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.